நான் பட்டினி கெடந்த வெள்ளிக்கிழமை

அமெரிக்காவுல, என்ற மகன் இருக்கற சன்னிவேல் ஊரு லைப்ரரியில நான் ஒரு தடவ சத்தம் போட்டுட்டேன். அங்க தும்மல் வந்தாக்கூட மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய போறவங்கதான் ஜாஸ்தி. சனிக்கிழமையானா மருமக என்னையும் கூட்டிக்கிட்டுப் போவா. எனக்குப் படிப்பு கெடையாது. தமிழ்ல பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். ஆனா படம் பாக்க படிப்பெதுக்கு? தோட்டப் புஸ்தகம், சமையல் புஸ்தகம்னு எடுத்து வெச்சுக்கிட்டு சன்னலோரமா உக்காந்துக்குவேன். அன்னிக்கு வெளிய வர்றப்ப கதவுக்குப் பக்கத்துல ஒரு தள்ளுவண்டி. லைப்ரரிக்கு வேண்டாம்னு ஒதுக்கின பழைய புஸ்தகங்கள அதுல போட்டிருந்தாங்க. ஒண்ணு குப்புறக் கெடந்துச்சு. பின்னட்டையில ஒரு வெள்ளக்காரர் படம். வழுக்கத் தல, நீள மூக்கு, ஒரு பக்கமா இழுத்த சிரிப்பு, கழுத்துல சிலுவ. "ஐயா!"ன்னு கத்திட்டேன்.

எல்லாத் தலையும் திரும்பிச்சு. மருமக ஓடி வந்து கையப் பிடிச்சா. "மாமா, ப்ளீஸ், மெதுவா. யாரு இது?" "எங்க பிஷப் ஐயா கண்ணு. பத்தொம்பது வருஷம் நான் ஆக்கிப் போட்டது இவருக்குத்தான்." அவ என்னைப் பாத்தா, புஸ்தகத்தப் பாத்தா, மறுபடி என்னைப் பாத்தா. மெட்ராஸ்ல பொறந்து வளந்த புள்ள. மாமனாரு ஒரு வெள்ளக்காரர் வீட்டுல சமையலுக்கு இருந்தவருன்னு தெரியும், அது யாரோ எஸ்டேட் மேனேஜரா இருக்கும்னு நெனச்சிருக்கா. அட்டைக்கு உள்பக்கம் படிச்சுப் பாத்துட்டு, "மாமா, இவர் ரொம்பப் பெரிய தியாலஜியனாம். கடவுளப் பத்தி ஆராய்ச்சி பண்றவர். இப்போ இங்கயே, கலிஃபோர்னியாலதான் இருக்காராம்"னா. ஐயா ஊருக்குப் போனது எழுபது வாக்குல. செத்துப் போயிருப்பாருன்னு நான் எப்பவோ மனசுல முடிவு பண்ணி வெச்சிருந்தேன். இது நடந்தது தொண்ணூறுகளுக்கு நடுவுல.

ஆராய்ச்சின்னு அவ சொன்னது எனக்கு வேடிக்கையா இருந்துச்சு. ஐயா என்ன எழுதுனாருன்னு எனக்கு எந்தக் காலத்துலயும் தெரியாது. எப்படி எழுதுனாருன்னு என்னைவிட யாருக்கும் தெரியாது. உக்காந்து எழுத மாட்டாரு. நெஞ்சு ஒசரத்துக்கு ஒரு மேசை, ஆசாரிகிட்டச் சொல்லிப் பண்ணினது, அதுக்கு முன்னால நின்னுக்கிட்டுத்தான். வெடியால நாலரைக்கெல்லாம் எந்திரிச்சிருவாரு. ஒரு வரி எழுதுவாரு. காகிதத்தக் கையில எடுத்துக்கிட்டு வராண்டாவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே படிப்பாரு. திரும்ப வந்து அத அடிச்சுப் போடுவாரு. எழுத்து ஓடுதா நின்னு போச்சான்னு எனக்கு சாப்பாட்டுல தெரிஞ்சு போகும். ஓடுச்சுன்னா ரசத்துல உப்பே போடலைன்னாலும் குடிச்சுட்டு "நல்லா இருக்கு"ம்பாரு. நின்னு போச்சுன்னா, "என்ன இன்னிக்கு புளி ஜாஸ்தி?"ம்பாரு. அவரு எழுதுனதையெல்லாம் அம்மாதான் டைப் அடிப்பாங்க. ஐயாவோட சம்சாரம், அவங்க சபையில பிஷப்புக்குக் கல்யாணம் உண்டு, தொரசாணின்னு கூப்பிட்டா கோவம் வரும், அம்மான்னுதான் கூப்பிடோணும். அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, திடீர்னு நிறுத்திட்டு, "இதுக்கு என்ன அர்த்தம்?"னு உள்ளிருந்து சத்தம் போடுவாங்க. அவரு வராண்டாவுல இருந்து பதில் சொல்லுவாரு. அவங்க சிரிப்பாங்க. பதில் சரியில்லைன்னு அர்த்தம். அவரு அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டு மறுபடி எழுதுவாரு.

ஐயாவோட அப்பா இங்கிலாந்துல ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவராம். அத ஐயா பெருமையா சொல்லுவாரு. நல்லாப் படிக்கிற புள்ளைன்னு வாத்தியாருங்க சேந்து பெரிய காலேஜுக்கு அனுப்பி வெச்சிருக்காங்க. அங்க படிச்சு முடிச்சு, கப்பலேறி நம்ம ஊருக்கு வந்தப்ப இருபத்தாறு வயசு. சைக்கிள்லயேதான் ஊர் ஊராப் போவாரு. தமிழ் எங்க ஊரு சந்தையில கத்துக்கிட்டது, அதனால பிரசங்கம் பண்றப்ப ஒரு தமிழ், தக்காளிக்காரிகிட்ட வேற ஒரு தமிழ். பிஷப் ஆன பொறகும் சைக்கிள விடல. அங்கி சக்கரத்துல மாட்டி ஒரு தடவ வாய்க்கால்ல விழுந்து எந்திரிச்சு அப்படியே கோயிலுக்குப் போயி ஆராதன நடத்துனாரு. நான் அந்த வீட்டுல சேந்தது அவரு பிஷப் ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னால. நான் இந்து, பழனி முருகனக் கும்பிடறவன். அதப் பத்தி அவரு ஒரு வார்த்த கேட்டதில்ல. பங்களா மொட்டமாடியில நின்னா பழனி மல சின்னதா தெரியும். வெடியால அதப் பாத்துக் கும்பிட்டுட்டுத்தான் அடுப்பு பத்த வெப்பேன். ஒரு நாள் ஐயாவும் மாடிக்கு வந்துட்டாரு. நான் கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் செருப்பக் கழட்டி கையில வெச்சுக்கிட்டு நின்னாரு.

அந்தப் புஸ்தகத்த மருமக வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்து, ஆபீஸ் முடிஞ்சு வந்து காய் அரியறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சு எனக்கு சொல்லிக்கிட்டு வந்தா. மனுசனுக்கு வர்ற துக்கத்தப் பத்தின புஸ்தகம். எனக்குப் பாதி புரியல. அவளுக்கும் சிலது புரியல, "இது கொஞ்சம் ஹெவி மாமா"ன்னு தாண்டிருவா. கடைசி சாப்டருக்கு வந்தப்பத்தான் பேரப் பாத்துட்டு கத்திய கீழ வெச்சா. "சமையல்காரரின் வெள்ளிக்கிழமை"ன்னு பேராம். அப்படியே சத்தம் போட்டு தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சா. சொல்லச் சொல்ல எனக்கு அந்த வருஷம் பூராவும் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

அந்த வருஷம் பொங்கல் கழிஞ்சு அம்மா காய்ச்சல்ல போயிட்டாங்க. ஒரு வாரந்தான். புள்ள குட்டி கெடையாது. கோயில் தோட்டத்துலயே அடக்கம் பண்ணினாங்க. அதுக்கப்புறம் ஐயா மேசைக்கு முன்னால நிக்கறதே இல்ல. வராண்டாவுல நடக்கறதில்ல. நான் வெச்ச சோறு வெச்ச மாதிரி திரும்பி வரும். ரெண்டு வாய் தின்ன மாதிரி ஒரு பக்கம் கலைச்சிருக்கும், அது என்ற மனசு நோகக் கூடாதுன்னு. அம்மாவுக்குப் புடிச்ச கத்திரிக்காப் பொரியல் ஒரு நாள் வெச்சேன், அத மட்டும் துண்டால மூடி திருப்பி அனுப்பினாரு. ரெண்டரை மாசம் இப்படி. செத்த வீட்டுல அழுதுட்டாக்கூட ஒரு முடிவு உண்டுங்க. சமைச்சது திரும்பி வர்ற வீட்டுல சமையக்காரன் எத்தன நாளைக்கு இருக்கறது?

புஸ்தகத்துல ஐயா எழுதியிருந்தது இதுதான். அம்மா போன பொறகு கடவுள் இருக்காரான்னே அவருக்கு சந்தேகம் வந்துருச்சாம். பிஷப் வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிர்றேன்னு லெட்டர் எழுதி மேசையில வெச்சுட்டாராம். பெரிய வெள்ளிக்கிழமை அன்னிக்கு, அவங்க ஆளுங்க விரதம் இருக்கற நாள்ல, இவரு வேணும்னே ரெண்டு பிஸ்கட் எடுத்துத் தின்னாராம். தின்னுட்டு சன்னல் வழியாப் பாத்தா, கெணத்தடியில அவரோட சமையக்காரன், அதாவது நான், ஈர வேட்டியோட, காலுல செருப்பில்லாம, கண்ண மூடி நிக்கறான். காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படலைன்னு தோட்டக்காரன் சொல்றான். "அவன் கிறிஸ்தவன் இல்லை. நான் கைவிட்ட என் ஆண்டவருக்காக எனக்குப் பதிலாக அவன் பட்டினி கிடந்தான்"னு எழுதியிருக்காரு. உள்ள போயி லெட்டரக் கிழிச்சுப் போட்டுட்டு, அழுதுட்டு, மறுநாள் வெடியால மேசைக்கு முன்னால போயி நின்னாராம்.

முதல்ல எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. எங்கயோ கெடந்தவன், இங்கிலீஷ் புஸ்தகத்துல ஒரு சாப்டர் பூரா நிக்கறேன். மருமக கண்ணத் தொடச்சுக்கிட்டு, "மாமா, நீங்க நெஜமாவே ஜீசஸுக்காகவா இருந்தீங்க?"ன்னு கேட்டா. நான் சித்த நேரம் யோசிச்சேன். அப்புறந்தான் பொட்டுல அடிச்ச மாதிரி ஞாபகம் வந்துச்சு. "கண்ணு, அன்னிக்கு பங்குனி உத்திரம்." அவ கையில இருந்த பீன்ஸ் அத்தனையும் கீழ கொட்டிருச்சு. "அய்யய்யோ மாமா!" என்ற மகன் அப்பத்தான் ஆபீஸ்ல இருந்து வந்தான். கேட்டுட்டு சோபாவுல விழுந்து விழுந்து சிரிச்சான். "அப்பா, இந்த புக்கு பத்து இருபது லாங்வேஜ்ல வந்திருக்கு. அத்தனையிலயும் நீங்க செயின்ட்!"

அவங்க சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல. சாமிய மாத்தி எழுதிட்டாருங்கறது மட்டும் இல்ல. நான் விரதம் இருந்தது எதுக்குன்னு எனக்கும் முருகனுக்கும் மட்டுந்தான் தெரியும். பக்கத்து ஊரு கரும்புச் சக்கர ஆலையில கேன்டீனுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டிருந்தேன். குடியிருக்க வீடும் உண்டு. "முருகா, என்னை இந்த மனுசன்கிட்ட இருந்து விடுவிச்சுரு, அந்த ஆலையில சேத்து விட்டுரு, உத்திரத்துக்கு தண்ணிகூடக் குடிக்காம இருக்கேன்"னு வேண்டிக்கிட்டேன். அதத்தான் அவரு சன்னல் வழியாப் பாத்திருக்காரு. அவர விட்டு ஓடிப் போகோணும்னு நான் கெடந்த பட்டினிய அவருக்காகன்னு நெனச்சு, அதுமேல நின்னு அத்தன வருஷம் எழுதியிருக்காரு, பிரசங்கம் பண்ணியிருக்காரு. இத மருமககிட்டக்கூட சொல்லல.

அதுக்கப்புறம் எனக்கு இருப்பே கொள்ளல. வெடியால எந்திரிச்சு எல் கமினோ ரோட்டுல நடப்பேன். அங்க ஒரு காப்பிக் கடை வரைக்கும் போயி, காப்பி குடிக்காமயே திரும்பி வருவேன். கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கற பசங்க, "என்ன அங்கிள், ரெண்டாவது ரவுண்டா?"ன்னு கேப்பாங்க. நாலாவதுன்னு எப்படி சொல்றது. அதுக்குள்ள மருமக அந்தப் புஸ்தகக் கம்பெனிக்கு போன் போட்டு, அவங்க மூலமா ஐயா இருக்கற எடத்தக் கண்டுபிடிச்சுட்டா. தங்கச்சி மக வீட்டுக்குன்னு வந்தவரு, இப்ப பெர்க்லி மேட்டுல வயசானவங்க இருக்கற ஒரு விடுதியில இருக்காராம். வயசு எண்பத்தெட்டு. நான் உசிரோட இருக்கேன்னு கேட்டதும் போன்லயே அழுதுட்டாராம். இன்னொண்ணும் சொன்னாங்க. அந்தப் புஸ்தகத்த மறுபடி அச்சுப் போடப் போறாங்க. அத சரிபாக்கறது ஒரு டீச்சரம்மா, அங்க பாதிரியாருங்களுக்குப் பாடம் எடுக்கறவங்க. அந்தச் சமையக்காரரே வந்து அந்த வெள்ளிக்கிழமையப் பத்தி நாலு வார்த்த டேப்புல பேசினா புஸ்தகத்துக்கு முன்னால போட்டுக்கறோம்னு அவங்க கேட்டாங்களாம்.

அன்னிக்கு வீட்டுல ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சு. மகன், "அப்பா, லீவ் இட். அவருக்கு எண்பத்தெட்டு வயசு. போங்க, கும்பிடுங்க, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. பங்குனி உத்திரம்லாம் இப்ப எதுக்கு?"ன்னான். மருமக, "அது எப்படி? பொய்யா பிரின்ட் ஆகட்டுமா?"ன்னா. "பொய்யில்லடி, மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்." "அதான். திருத்தலாமே." கடைசியில ரெண்டு பேரும் ஒரு ராஜி பண்ணிக்கிட்டாங்க. நான் என்ன வேணா பேசலாம், இங்கிலீஷ்ல மாத்தி சொல்றது மருமக. நான் ஏதாவது ஏடாகூடமா ஒளறினா அவ கொஞ்சம் பூசி மொழுகிருவா. "மாமா, நீங்க ஃப்ரீயா பேசுங்க, ஐ வில் மேனேஜ்"னா.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் கெளம்பினோம். ஃப்ரீவே பூரா கதவுக் கைப்பிடியவே பிடிச்சுக்கிட்டு வந்தேன். உண்மைய சொல்லிட்டா, அந்தக் கெழவனார் எதுமேல நின்னுக்கிட்டு இருக்காரோ அத உருவின மாதிரி ஆயிரும். சொல்லலைன்னா, நான் செத்த பொறகும் அந்தக் கெணத்தடியில எவனோ ஒருத்தன் என்ற வேட்டியக் கட்டிக்கிட்டு நிப்பான். எது பெரிய பாவம்னு யாருகிட்டக் கேக்கறது? இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லத் தெரிஞ்ச மனுசன்னு எனக்குத் தெரிஞ்சது அவரு ஒருத்தர்தான்.

சக்கர நாற்காலியில உக்காந்திருந்தாரு. ஒசரமான மனுசன் மடிச்சு வெச்ச மாதிரி ஆயிட்டாரு. மூக்கு மட்டும் அப்படியே. டீச்சரம்மா டேப் ரெக்கார்டர மேசையில வெச்சுட்டுக் காத்துக்கிட்டு இருந்தாங்க. நான் போயி காலத் தொட்டேன். அவரு என்ற தலையில கைய வெச்சுக்கிட்டு, "ஏப்பா, அடுப்புல என்ன?"ன்னாரு. தமிழ்ல. தெனம் வெடியால அவரு கேக்கற மொதக் கேள்வி அதுதான். நான் மருமகளத் திரும்பிப் பாத்தேன். அவ மொகம் செத்துப் போச்சு. அவளும் மகனும் போட்ட திட்டத்துல, ஐயாவுக்கு இன்னும் தமிழ் ஞாபகம் இருக்கும்னு யாருமே யோசிக்கல. நாங்கூட யோசிக்கலைங்க.

டீச்சரம்மா பொத்தான அமுக்கிட்டு, அந்த வெள்ளிக்கிழமையப் பத்தி சொல்லச் சொல்லுங்கன்னாங்க. மருமக எனக்கு சொல்றதுக்கு முன்னால நானே ஆரம்பிச்சுட்டேன். ஐயா மொகத்தப் பாக்காம, அந்த டேப்பு சுத்தறதப் பாத்துக்கிட்டே. "ஐயா, மன்னிக்கோணும். அன்னிக்கு நான் பட்டினி கெடந்தது நெசம். ஆனா அது ஏசுவுக்கில்லைங்க. அன்னிக்கு உத்திரம். முருகனுக்கு." சொல்லிட்டேன்.

ஐயா நாற்காலிய என்ற பக்கமாத் திருப்பினாரு. அப்புறம், "தெரியும்"னாரு.

எப்படின்னு நான் கேக்கறதுக்கு முன்னால அவரே சொன்னாரு. "அடுத்த வருஷம் பெரிய வெள்ளி சித்திரையில வந்தது. உத்திரம் ஒரு மாசம் முன்னாடியே போயிடுச்சு. அன்னிக்கு உன்னைப் பாக்கணும்னு நானே கெணத்தடிக்கு வந்தேன். நீ வாழ எல போட்டுக்கிட்டு உக்காந்திருந்த. உன் சம்சாரம் தூக்குச் சட்டியில கோழிக் குழம்பு அனுப்பியிருந்தா. ரொம்ப சந்தோஷமா தின்னுக்கிட்டு இருந்த. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, 'ஐயா, ஒரு வாய் சாப்பிடறீங்களா?'ன்னு கேட்ட." எனக்கு சுத்தமா ஞாபகம் இல்லைங்க. ஆனா கோழிக் குழம்புன்னா நான் அப்படிக் கேட்டிருப்பேன். "மாடிக்குப் போயி பஞ்சாங்கத்த எடுத்துப் பாத்தேன். பழைய வருஷத்து பஞ்சாங்கம். புரிஞ்சது. ஆனா அதுக்குள்ள புஸ்தகம் அச்சாகி வந்துடுச்சு."

டீச்சரம்மாவுக்கு ஒண்ணும் புரியல. மருமகளப் பாத்து, என்ன பேசறாங்கன்னு கேட்டாங்க. "சிக்கன் கரி பத்தி"ன்னா மருமக. அது உண்மைதானே.

எனக்கு அப்ப வந்துச்சு பாருங்க ஒரு கோவம். அவருகிட்ட என்ற வாழ்நாள்ல கோவப்பட்டதில்ல. "தெரிஞ்சும் ஏனுங்க மாத்தல? அத்தன வருஷம்?" ஐயா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "லெட்டர் வர ஆரம்பிச்சது. புள்ளையப் பறிகுடுத்தவங்க, சம்சாரத்தப் பறிகுடுத்தவங்க. உன் வெள்ளிக்கிழமையப் படிச்சுட்டு மறுபடி எந்திரிச்சோம்னு எழுதினாங்க. அவங்ககிட்டப் போயி நான் என்ன சொல்றது? அடுத்த எடிஷன்ல மாத்தலாம், அடுத்ததுல மாத்தலாம்னு... பயம். வேற ஒண்ணும் இல்ல. உண்மையப் பத்தி ஒரு புஸ்தகமும் எழுதியிருக்கேன், தெரியுமா? அதையும் உன் ரசத்தக் குடிச்சுட்டுத்தான் எழுதினேன்." சிரிக்கப் பாத்தாரு, இருமல் வந்துருச்சு. நான் தண்ணி எடுத்துக் குடுத்தேன். குடிச்சுட்டு, டீச்சரம்மாகிட்ட இங்கிலீஷ்ல என்னவோ சொன்னாரு. அந்த அம்மா எந்திரிச்சே நின்னுட்டாங்க. மருமக என்ற காதுல, "கடைசி சாப்டர எடுத்துடச் சொல்றார் மாமா. பூராவும்"னா.

கோவம் அப்படியே எறங்கிப் போச்சு. "எடுக்க வேண்டாமுங்க"ன்னேன். "ஏன்?" "நான் பட்டினி கெடந்தது நெசந்தானுங்களே. அதை எதுக்கு எடுக்கறீங்க? யாருக்குங்கறது தப்பு. அத மட்டும் சரியா எழுதுங்க." அவரு என்னைப் பாத்தாரு. எழுத்து ஓட ஆரம்பிக்கறப்ப ஒரு பார்வ பாப்பாரு, அந்தப் பார்வ. "அப்ப இதையும் சொல்லு. முருகன்கிட்ட என்ன வேண்டிக்கிட்ட?"

இதுக்குத்தான் நான் பயந்துக்கிட்டே வந்தது. பொய் சொல்லியிருக்கலாம். மகனுக்கு ஒடம்பு சரியில்ல, மழ வரலைன்னு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனா இப்பத்தான் ஒண்ணத் திருத்துங்கன்னு கேட்டுட்டு, அதுலயே இன்னொரு பொய்ய எப்படி வெக்கறது? "உங்கள விட்டுப் போகோணும்னு வேண்டிக்கிட்டேனுங்க. சக்கர ஆலைக்கு. ஆக்கறது எல்லாம் திரும்பி வந்துச்சு. என்னால தாங்க முடியல." மருமக மூச்ச இழுத்துப் பிடிச்சது எனக்குக் கேட்டுச்சு. ஐயா கண்ண மூடிக்கிட்டாரு. "ஆமா. திருப்பி அனுப்பிட்டேன்"னாரு. "கத்திரிக்காப் பொரியல்." அவ்வளவுதான் சொன்னாரு. அப்புறம் என்ற கைய எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டாரு, நாங்க கெளம்பற வரைக்கும் விடல.

அதுக்கப்புறம் அவரப் பாக்கல. அந்தக் குளிர் காலத்துலயே போயிட்டாரு. சேதி வந்தப்ப நான் அடுப்படியில இருந்தேன், குளிச்சுட்டு வந்து பால்கனியில ஒரு எல போட்டு சோறு வெச்சேன். அவங்க வழக்கம் இல்ல, என்ற வழக்கம். காக்கா வரல, ஒரு அணில் வந்துச்சு. அடுத்த வருஷம் புஸ்தகம் தபால்ல வந்து சேந்துச்சு, புது அட்ட போட்டு. டீச்சரம்மாவுக்கு இஷ்டமில்லையாம், இருந்தாலும் போட்டுட்டாங்க. பழைய சாப்டர் அப்படியே இருக்கு. அதுக்குக் கீழ அவரு படுக்கையில இருந்து சொல்லி எழுத வெச்ச ஒரு பத்தி. மருமக எனக்குப் படிச்சு சொன்னா. பல தடவ படிக்கச் சொல்லிக் கேட்டதுனால எனக்கு மனப்பாடம்.

"மேலே எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. என் சமையல்காரர் அன்று விரதம் இருந்தது முருகனுக்காக. என்னை விட்டு வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இருந்த விரதம் அது. அவர் போகவில்லை. அதன் பிறகும் ஒன்பது வருடம் எனக்குச் சமைத்துப் போட்டார். ஏன் போகவில்லை என்று அவரைக் கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. மறுபடியும் நானாக ஒரு காரணத்தை எழுதிவிடக் கூடாது என்பதால் இதை இப்படியே விடுகிறேன்."

அவரு விட்டுட்டாரு. எனக்குத்தான் விட முடியல. இத நான் சொல்லச் சொல்ல மருமகதான் எழுதிக்கிட்டு இருக்கா, இனிமே சொல்லப் போறது அவளுக்கும் புதுசு. முருகன் நான் கேட்டதக் குடுத்தாருங்க. அந்த உத்திரம் முடிஞ்சு பத்து நாள்ல ஆலையில இருந்து ஆள் வந்து கூப்பிட்டாங்க. போனேன். அங்க இருந்த கிளார்க்கு ஒரு காகிதத்தக் குடுத்து, பேரு, ஊரு, இப்ப எங்க வேல பாக்கற, ஏன் விடற, எல்லாம் எழுதிக் கொண்டான்னு சொன்னாரு. எனக்கு எழுதத் தெரியாதுன்னேன். யாராவது தெரிஞ்சவங்ககிட்டக் குடுத்து எழுதிக்கிட்டு வான்னாரு.

நான் இருந்த வீட்டுலயே பொழுதன்னிக்கும் எழுதிக்கிட்டே இருக்கற மனுசன் ஒருத்தர் இருந்தாரு. காப்பி கொதிக்கற நேரத்துல எழுதிக் குடுத்திருப்பாரு, ஒரு வார்த்த கேக்காம. அதுக்குள்ள அவரு வராண்டாவுல நடக்க ஆரம்பிச்சிருந்தாரு. தட்டு காலியா வர ஆரம்பிச்சிருந்துச்சு. காகிதத்த மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, கையில காப்பியோட, மூணு நாள் வெடியால அவரு வாசல்ல போயி நின்னேன். அந்த ஒசர மேசைக்கு முன்னால குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தாரு. என்னைப் பத்தின அந்தச் சாப்டரத்தான் எழுதிக்கிட்டு இருந்திருக்காருன்னு இப்ப நாள எண்ணிப் பாத்தாத் தெரியுது. ரெண்டு நாள் அவரு நிமிரவே இல்ல, காப்பிய வெச்சுட்டு வந்துட்டேன். மூணாம் நாள் நிமிந்தாரு. நான் நிக்கற நிலையப் பாத்துட்டு பேனாவக் கீழ வெச்சாரு. "என்னப்பா? என்ன வேணும், சொல்லு"ன்னாரு.

ஏன்னு கேக்கத் துணிச்சல் வரலைன்னு எழுதியிருக்காரு. அன்னிக்குக் கேட்டாருங்க. நாந்தான், "ஒண்ணுமில்லைங்க, காப்பி ஆறுது"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.